எட்ட நின்று கற்போம்
(காட்டுப் பறவைகளின் வாழ்க்கையை ஆராயும் முறையும் அறமும்)



நம் பள்ளியைச் சுற்றிச் செம்பனை மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கிடையே பழைய பால்மரங்கள் சிலவும் எஞ்சி நிற்கின்றன. காலையில் மணியடிப்பதற்கு முன்னரே திடலில் நாகணவாய்ப் பறவைகள் நடை பயில்கின்றன. மலாய் மொழியில் மூராய் எனப்படும் குண்டுக்கரிச்சான் கூரையின் முகட்டில் அமர்ந்து பாடுகிறது. வாய்க்கால் ஓரத்துக் கம்பியில் மீன்கொத்தி அசையாமல் அமர்ந்திருக்கிறது. நாள்தோறும் காண்பதால் இவற்றை நாம் அறிந்துவிட்டோம் என்று எண்ணுகிறோம். ஆயினும், இவற்றுள் ஒன்றைப் பற்றி, "இது எங்கே உறங்குகிறது? எதனைக் குஞ்சுக்கு ஊட்டுகிறது? ஏன் இந்நேரத்தில் பாடுகிறது?" என்று எவரேனும் வினவினால் நம்மில் பலர் வாய் திறவோம். காண்பது வேறு, கவனிப்பது வேறு.

பறவைகளின் ஒழுகலாறுகளை அவை வாழும் இடத்திலேயே சென்று கவனித்து, முறையாகக் குறித்து, காரணம் ஆராய்வதே கள ஆய்வு எனப்படும். இவ்வாய்வை எவ்வாறு செய்வது என்பதை மட்டுமன்று, எவ்வாறு செய்யக்கூடாது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பின்னதைச் சொல்வதற்கு எனக்குத் தனிப்பட்ட காரணம் ஒன்று உண்டு. அதனை முதலில் கூறிவிடுகிறேன்.

நான் செய்த பிழை

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து ஒரு தோட்டப் பள்ளியில் பணியேற்றிருந்த காலம் அது. இளமைத் துடிப்பு மிகுந்திருந்தது. பாட நூலில் உள்ளதை நேரில் காட்டிக் கற்பிக்க வேண்டும் என்ற ஆர்வமும் இருந்தது. பள்ளி வேலியின் செம்பருத்திச் செடியில் ஒரு சின்னான் குருவி கூடு கட்டியிருந்தது. மலாய் மொழியில் இதனை மெர்பா கப்பூர் என்பர். கண்ணருகே கருங்கோடும், வாலடியில் மஞ்சள் நிறமும் உடைய, தோட்டங்களில் எங்கும் காணப்படும் எளிய பறவை அது. கூட்டில் முட்டைகள் இருந்தன.

அறிவியல் பாட வேளையில் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். கூட்டை இலைகள் மறைத்திருந்தன. பின்வரிசையில் நின்ற சிறுவர்களுக்குத் தெரியவில்லை. ஆதலால் மறைத்திருந்த கிளையை வளைத்து, ஒரு கயிற்றினால் வேலிக் கம்பியோடு கட்டினேன். எல்லாரும் நன்றாகப் பார்த்தனர். தாய்க்குருவி மின்கம்பியில் அமர்ந்து ஓயாது கத்திக்கொண்டிருந்தது. "பாருங்கள், தாயன்பு எத்தகையது!" என்று அதையும் பாடமாக்கினேன். பாடம் சிறப்பாக அமைந்தது என்ற மனநிறைவோடு வகுப்பறைக்குத் திரும்பினேன். கிளையை அவிழ்த்துவிட மறந்துபோனேன்.

மறுநாள் காலை கூட்டில் முட்டைகள் இல்லை. கூடு ஒருபுறம் சரிந்து கிடந்தது. இரண்டு காக்கைகள் வேலியின்மேல் இருந்தன. மாணவர்கள் என்னைச் சூழ்ந்து நின்றனர். "காக்கை தின்றுவிட்டது, அதுதான் இயற்கையின் நியதி" என்று விளக்கினேன். அப்போது மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "ஐயா, கிளையைக் கட்டியது நாம்தானே?" என்று கேட்டாள்.

அவள் குறும்பாகக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டாள். அன்று நான் விடை கூறவில்லை. "வரிசையில் நில்லுங்கள்" என்று கூறி வகுப்பிற்கு அழைத்துச் சென்றுவிட்டேன். அவ்வினா ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக என்னுடன் இருக்கிறது. இக்கட்டுரையை அதற்குரிய விடையாகக் கொள்க.

அஞ்சிய பறவை உண்மை சொல்லாது

அன்று நாங்கள் கண்டது யாது? குருவி அடைகாக்கும் முறையைக் கண்டோமா? இல்லை. முட்டைகளைத் தாய் எப்போது திருப்பிவிடுகிறது, எவ்வளவு நேரம் அமர்கிறது, இரை தேட எப்போது செல்கிறது என்பவற்றுள் ஒன்றையேனும் அறிந்தோமா? இல்லை. நாங்கள் கண்டது, அச்சமுற்ற ஒரு தாய் கம்பியில் அமர்ந்து கதறியதை மட்டுமே. அஃது அப்பறவையின் இயல்பான வாழ்க்கையன்று. நாங்கள் அங்கே நின்றதால் விளைந்தது அது.

இதனை நன்கு மனத்திற் கொள்க. ஆராய்பவன் அருகே சென்றதும் பறவை தன் செயலை மாற்றிக்கொண்டால், அவன் குறித்துக்கொள்வது பறவையின் ஒழுகலாறு அன்று. தன்னுடைய வருகையின் விளைவே ஆகும். ஆகவே பறவைக்குத் துன்பம் செய்யாதிருத்தல் அருளுடைமை மட்டுமன்று. உண்மையை அறிய விரும்புவோனுக்கு அதுவே முதல் தேவையுமாகும். இவ்விடத்தில் அறமும் அறிவியலும் ஒரே வழியில் நடக்கின்றன.

மனிதர் கூட்டருகே செல்வதால் விளையும் தீமைகள் பல. முதலாவது, தாய் எழுந்து சென்றபின் முட்டைகள் வெயிலில் கிடக்கும். நம் நாட்டின் நண்பகல் வெயில் கடுமையானது. சிறிது நேரத்திலேயே முட்டைக்குள் இருக்கும் உயிர் கெடக்கூடும். தாய்ப்பறவை முட்டைக்குச் சூடு தருவது மட்டுமின்றி, நிழலும் தருகிறது. இரண்டாவது, காக்கை கூர்மையான அறிவுடைய பறவை. மனிதர் எங்கே குனிந்து பார்க்கின்றனர் என்பதையும், தாய்ப்பறவை எங்கே கதறுகிறது என்பதையும் அது கவனிக்கிறது. மூன்றாவது, இலையை விலக்கினால் கூட்டின் மறைப்பே போய்விடுகிறது. நான்காவது, பறக்கும் பருவத்தை நெருங்கிய குஞ்சுகள் அச்சத்தால் உரிய நாளுக்கு முன்னரே கூட்டிலிருந்து குதித்துவிடும். தரையில் விழுந்த குஞ்சுக்குப் பூனையும் பாம்பும் காத்திருக்கின்றன.

"மனிதரின் கை வாடை பட்டால் தாய் குஞ்சை ஒதுக்கிவிடும்" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. பெரும்பாலான பறவைகள் வாடையின் பொருட்டுக் குஞ்சைக் கைவிடுவதில்லை. மீண்டும் மீண்டும் தொல்லை நேர்ந்தால் கூட்டைக் கைவிடும் பறவைகள் உண்டு. கூடு கட்டும் காலத்திலும் முட்டையிட்ட தொடக்க நாட்களிலும் இது மிகுதி. காரணம் பிழையாயினும், "தொடாதே" என்று நம் பாட்டிமார் கூறிய அறிவுரை சரியானதே.

பொறுமையாகப் பார்த்தவர்கள்

எட்ட நின்று பார்த்தே அரிய உண்மைகளைக் கண்டறிந்த அறிஞர் சிலரை இங்கு அறிமுகப்படுத்துகிறேன்.

இந்தியாவின் பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1896 ஆம் ஆண்டு பிறந்து 1987 ஆம் ஆண்டு மறைந்தவர். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் சிட்டு ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்ததைக் கண்டு வியந்து, அஃது யாது என்று அறிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்றார். அவருடைய வாழ்நாள் பணிக்கு அதுவே தொடக்கமாயிற்று. பின்னாளில், 1930 ஆம் ஆண்டில், பம்பாய்க்கு அருகே கடலோரக் கிராமமாகிய கிஹிமில் தூக்கணாங்குருவிகளின் குடியிருப்பை நாட்கணக்கில் அமர்ந்து கவனித்தார். ஆண்குருவி கூட்டைப் பாதியளவு முடைந்துவிட்டுப் பெண்குருவிகளை அழைக்கிறது. பெண்குருவி வந்து கூட்டைச் சோதிக்கிறது. அதற்கு மனம் ஒப்பினால் மட்டுமே ஆண்குருவி கூட்டை முழுமையாக்கி, நீண்ட நுழைவாயிலையும் அமைக்கிறது. பின்னர் அடுத்த கூட்டைத் தொடங்கி மற்றொரு துணையை அழைக்கிறது. 1931 இல் இதனை அவர் எழுதி வெளியிட்டார். துப்பாக்கி ஏந்திய சிறுவன் பொறுமையாகக் கவனிக்கும் ஆய்வாளனாக வளர்ந்தான் என்பதை நோக்குக.

அதே தூக்கணாங்குருவி நம் தீபகற்பத்திலும் வாழ்கிறது. மலாய்க்காரர் அதனைத் தெம்புவா என்பர். காரணம் ஒன்றில்லாமல் தெம்புவா தாழ்வாகக் கூடு கட்டுமா என்ற பொருளில் மலாய் மொழியில் ஒரு பழமொழி வழங்குகிறது. இப்பறவை உயரத்தில் கூடு கட்டும் என்பதையும், தாழக் கட்டினால் அருகே குளவிக்கூடு போன்ற காவல் ஏதேனும் இருக்கக்கூடும் என்பதையும் கிராமத்தார் கவனித்தே அறிந்திருந்தனர். கள ஆய்வு நூலறிவுடையோர்க்கு மட்டுமே உரியது என்று எண்ணற்க.

நெதர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய நிக்கோ டின்பர்கன், விலங்குகளின் ஒழுகலாற்றை ஆராய்ந்தமைக்காக 1973 ஆம் ஆண்டு வேறு இருவருடன் நோபல் பரிசு பெற்றார். கருந்தலைக் கடற்காக்கையின் குஞ்சு பொரித்தபின், தாயோ தந்தையோ உடைந்த ஓட்டைக் கவ்விக் கொண்டு தொலைவில் போட்டுவிடுகிறது. சில நொடிகளில் முடியும் இச்சிறு செயலுக்குக் காரணம் யாது என்று அவர் வினவினார். ஓட்டின் உட்புறம் வெண்மையாக இருப்பதால், அது பகைப்பறவைகளின் கண்ணுக்குக் கூட்டைக் காட்டிக் கொடுக்கிறது என்பதை அவரும் அவருடைய மாணவர்களும் நிறுவினர். அவ்வாய்வு 1962 இல் வெளிவந்தது. மேலும் ஓர் உண்மை: குஞ்சு பொரித்த உடனே ஓட்டை அகற்றப் பறவை பறந்துவிடுவதில்லை. குஞ்சின் ஈரம் உலரும்வரை காத்திருக்கிறது. ஏனெனில் ஈரமான குஞ்சை அண்டைக் கூட்டுப் பறவைகளே விழுங்கிவிடக்கூடும்.

ஒரு துண்டு ஓடு கூட்டருகே கிடப்பதே ஆபத்து என்று அப்பறவை அறிந்திருக்கிறது. அவ்வாறாயின், நாம் வளைத்துக் கட்டும் கிளையும், மிதித்துச் சாய்க்கும் புல்லும், விட்டுச் செல்லும் மிட்டாய்த் தாளும் எத்தகைய ஆபத்து என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். டின்பர்கன் குழுவினர் தம் சோதனைக்காகச் சில முட்டைகளை வெளியில் வைத்தனர். பகைப்பறவைகள் அவற்றுள் பலவற்றைத் தின்றன. எல்லா ஆய்வுக்கும் ஏதேனும் ஒரு விலை உண்டு. ஆகவே ஆய்வாளன் தன்னைத் தானே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். இவ்வினாவிற்கு முன்னரே விடை கிடைத்திருக்கிறதா? துன்பம் குறைந்த வேறு வழி உண்டா? கிடைக்கும் அறிவு, பறவை கொடுக்கும் விலைக்குத் தகுமா? நான் கிளையைக் கட்டிய நாளில் இம்மூன்றையும் கேட்டிருந்தால், முதற்கேள்வியிலேயே நின்றிருப்பேன். கூட்டில் முட்டை இருக்கும் என்பது ஏற்கெனவே உலகம் அறிந்த செய்திதானே!

நம் நாட்டிலும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. எலியட் மெக்ளூர் என்னும் அமெரிக்க அறிஞர் 1960களில் கோலாலம்பூருக்கு அருகிலுள்ள உலு கோம்பாக் காட்டில், உயர்ந்த மரத்தின் மேல் அமைந்த தளத்தில் இருந்தபடி, எந்த மரம் எப்போது பூக்கிறது, காய்க்கிறது, எந்தப் பறவையும் விலங்கும் வந்து உண்கின்றன என்று குறித்துக்கொண்டார். காட்டின் உச்சி வாழ்க்கையை அறிய அவர் மரங்களை வெட்டி வீழ்த்தவில்லை. தாமே மேலேறிச் சென்று அமைதியாக அமர்ந்தார்.

வளையம் தரும் பாடம்

பறவைகள் எங்கே செல்கின்றன என்பதை அறிய அவற்றின் காலில் எண் பொறித்த வளையம் இடும் முறை உண்டு. இதனைச் சீராகத் தொடங்கியவர் டென்மார்க்கில் வீபோர் நகரத்தைச் சேர்ந்த மார்ட்டென்சன் என்பவர். அவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது நம்மைப் போன்றோர்க்குப் பெருமை தருவதாகும். 1890 ஆம் ஆண்டு அவர் துத்தநாக வளையங்களை இரண்டு பறவைகளின் காலில் இட்டுப் பார்த்தார். அவை கனமாக இருந்து பறவைகளுக்குத் தொல்லை கொடுத்தமையால் அம்முயற்சியை நிறுத்திவிட்டார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1899 இல், கனமற்ற அலுமினிய வளையங்களைக் கொண்டே மீண்டும் தொடங்கினார். விடை அறியும் ஆவல் அவருக்கு இல்லாமலில்லை. ஆயினும் பறவையின் காலுக்கு ஏற்ற வளையம் கிடைக்கும்வரை அந்த ஆவலை அடக்கி வைத்திருந்தார். அந்த ஒன்பது ஆண்டுப் பொறுமையே அவருடைய பணியின் சிறந்த பகுதி என்பேன்.

பொறுமை இன்றேல் நேர்வது யாது என்பதைப் பெங்குவின் பறவைகள் காட்டின. அவற்றின் கால் வளையம் இடுவதற்கு ஏற்றதன்று. ஆகையால் துடுப்புப் போன்ற இறக்கையில் உலோகப் பட்டை இட்டு வந்தனர். அப்பட்டை நீந்தும்போது நீரை எதிர்த்து இழுக்கும். தென் இந்தியப் பெருங்கடலில் உள்ள கிரோசே தீவுக்கூட்டத்தில், பிரெஞ்சு ஆய்வாளர்கள் நூறு அரசப் பெங்குவின்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அவற்றுள் 50 பறவைகளுக்கு இறக்கைப் பட்டை இருந்தது. 50 பறவைகளுக்கு இல்லை. தோலுக்கடியில் வைத்த நுண்கருவியால் இருசாராரும் அடையாளம் காணப்பட்டனர். 2011 ஆம் ஆண்டு வெளிவந்த முடிவு இது: பட்டையிட்ட பறவைகள் 39 விழுக்காடு குறைவாகக் குஞ்சு ஈன்றன, அவை உயிர் பிழைத்திருக்கும் அளவும் 16 விழுக்காடு குறைந்திருந்தது.

இதன் விளைவை எண்ணுக. பட்டையிட்ட பறவைகள் குறைந்தமைக்குக் கடலும் தட்பவெப்பமுமே காரணம் என்று ஒருவர் முடிவு செய்திருந்தால், அவர் எழுதியதில் ஒரு பகுதி பட்டையின் குற்றமே அன்றோ? பறவைக்கு நேர்ந்த துன்பம், ஏட்டில் பொய்யாகப் பதிவாகிறது.

இக்காலத்தில் பறவையின் முதுகில் நுண்கருவி பொருத்துவோர், அதன் எடை பறவையின் எடையில் 3 முதல் 5 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என்ற வரம்பைப் பரவலாகக் கொள்கின்றனர். நீங்களே கணக்கிடுங்கள். ஒரு குருவியின் எடை 30 கிராம் என்று கொள்வோம். அதில் 3 விழுக்காடு 0.9 கிராம், அதாவது ஒரு கிராமுக்கும் குறைவு! 30 கிலோகிராம் எடையுள்ள மாணவனுக்கு அதே விகிதம் 900 கிராம் ஆகும். அதனைக் கழற்றாமல் உண்ணவும், உறங்கவும், ஓடவும் வேண்டுமெனில் எப்படியிருக்கும்? இந்த வரம்புங்கூடப் போதுமா என்று ஒவ்வொரு பறவைக்கும் தனித்தனியே ஆராய வேண்டும்.

வலையிட்டுப் பிடிப்பதும் வளையமிடுவதும் பயிற்சியும் அனுமதியும் பெற்றோர் மட்டுமே செய்யத்தக்கவை. அவர்களும் வலையை அடிக்கடி சென்று பார்க்க வேண்டும். மழையிலும் கடும் வெயிலிலும் வலையை விரித்து வைத்தலாகாது. பறவை இளைத்துச் சோர்ந்தால் அளவெடுக்காமலே விட்டுவிட வேண்டும். நாம் எக்காரணம் கொண்டும் இதில் இறங்குதல் கூடாது.

ஆந்தை எழுதிவைக்கும் கடிதம்

தொடாமலே அறியும் வழிக்கு நம் தோட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. செம்பனைக் காட்டில் கம்பத்தின்மேல் மரப்பெட்டிகள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவை கூகைகளுக்காக வைக்கப்பட்டவை. வெண்மையான முகமுடைய இக்கூகை முன்னாளில் தீபகற்பத்தில் அரிதாகவே காணப்பட்டது. செம்பனை பெருகி, அதனோடு எலியும் பெருகியபின் இதுவும் பெருகியது. இதனை அபசகுனம் என்று கல்லெறிவோர் நம்மிடையே இன்னும் உண்டு. உண்மையில் இது சம்பளமின்றி எலி பிடிக்கும் இரவுக் காவலாளி.

கூகை எதனைத் தின்கிறது என்று எவ்வாறு அறிவது? பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. கூகை எலியை விழுங்கியபின், செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடுகிறது. அவ்வுருண்டைகள் கம்பத்தின் அடியில் கிடக்கும். அவற்றைப் பிரித்து மண்டையோடுகளை எண்ணினால், உண்டது எத்தனை என்று கணக்கிடலாம். ஆய்வாளர்கள் இம்முறையைக் கொண்டே நம் செம்பனைத் தோட்டங்களில் கூகையின் உணவில் மிகப் பெரும்பகுதி எலியே என்று கண்டனர். பறவை தானே எழுதி நம் காலடியில் போட்ட கடிதத்தைப் படிப்பது போன்றது இது. ஆனால் ஆசிரியர் துணையின்றி உருண்டைகளைத் தொடாதீர்கள். கையுறை அணிவதும் பின்னர்ச் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதும் கட்டாயம்.

சொல்லாதிருத்தலும் ஓர் அறம்

தீபகற்ப மலேசியாவில் 2010 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. 1972 ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்கு மாற்றாக வந்தது இது. பாதுகாக்கப்பட்ட பறவைகளைப் பிடிப்பதற்கும், அவற்றின் முட்டையையோ கூட்டையோ எடுப்பதற்கும் அனுமதி வேண்டும். பெர்ஹிலித்தான் என்னும் வனவிலங்குத் துறை இதனைக் கண்காணிக்கிறது.

சட்டம் எல்லாவற்றையும் காத்துவிடாது. ஆற்றோரங்களில் வாழும் பாராவ் பாராவ் என்னும் பறவையைப் பெரியோர் சிலர் அறிந்திருக்கலாம். வைக்கோல் நிறத் தலையும் மிக இனிய குரலும் உடையது. சின்னான் இனத்தைச் சேர்ந்தது. அதன் குரலே அதற்குப் பகையாயிற்று. கூண்டில் வளர்ப்பதற்காகப் பிடித்துப் பிடித்தே பல இடங்களில் அதனை இல்லாமற் செய்துவிட்டனர். 2018 ஆம் ஆண்டு அது மிகக் கடுமையான அழிவு நிலையில் உள்ள பறவை என்று உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஆதலால் அரிய பறவையின் கூட்டைக் கண்டால், அதன் இடத்தை ஊர் முழுவதும் பரப்புதல் கூடாது. இன்று கைப்பேசியில் எடுத்த ஒரு படம் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் பேரைச் சென்றடையும். அந்த ஆயிரம் பேரில் கூண்டு வைத்திருப்பவன் எவன் என்று நமக்குத் தெரியாது. உண்மை பேசுதல் நன்று. எனினும் எல்லா உண்மையையும் எல்லாரிடமும் கூறுதல் கடமையன்று.

நாம் பின்பற்ற வேண்டிய நெறிகள்

1. பறவை தன் வேலையை விட்டு நம்மைப் பார்க்கத் தொடங்கினால், நாம் மிக அருகில் வந்துவிட்டோம் என்று பொருள். உடனே பின்வாங்குக.

2. கூட்டையும் முட்டையையும் குஞ்சையும் தொடாதே. கிளையை வளைக்காதே, இலையைக் கிள்ளாதே.

3. வாயில் இரையுடன் பறவை கூட்டிற்குச் செல்லாமல் தயங்கி நின்றால், நீ அதன் வழியில் நிற்கிறாய். விலகிச் செல்க.

4. பறவையை வரவழைக்கப் பதிவு செய்த குரலை ஒலிக்காதே. தன் எல்லையில் பகைவன் புகுந்தான் என்று எண்ணி, அது இரை தேடும் நேரத்தை வீணே கழிக்கும்.

5. காக்கையோ பூனையோ பார்த்துக்கொண்டிருந்தால் கூடு உள்ள திசையில் நடக்காதே. நேரே சென்று நேரே திரும்பாமல், கடந்து செல்பவன்போல் நடந்து செல்க.

6. கண்டதை மட்டும் எழுதுக. "குருவி மகிழ்ந்தது" என்று எழுதாதே. "குருவி மூன்று முறை வாலை அசைத்தது" என்று எழுதுக. காணாததைக் கண்டதாக எழுதுவது திருட்டுக்கு ஒப்பாகும்.

7. ஐயம் ஏற்பட்டால் நிறுத்துக. ஆய்வு நாளையும் நடக்கும். கூடு போனால் போனதுதான்.

ஐந்தாம் ஆண்டு மாணவர் செய்தது

இவ்வாண்டு நம் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் இந்நெறிகளைச் சோதித்துப் பார்த்தனர். நூலகத்தின் சன்னலுக்கு வெளியே உள்ள புதரில் ஒரு சின்னான் இணை கூடு கட்டியது. மாணவர்கள் சன்னலுக்குத் திரையிட்டு, சிறு துளை வழியே, இருவர் இருவராகப் பத்து நிமிடம் கவனித்தனர். நேரம், வானிலை, வந்த பறவை, செய்த செயல் என்று நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணையில் குறித்தனர். கருவிகள் ஒரு கடிகாரம், ஒரு பென்சில், ஒரு குறிப்பேடு ஆகியவையே.

அவர்கள் கண்டுபிடித்தவை சிறியவையே, எனினும் அவர்களுடையவை. பெற்றோர்ப் பறவை நேரே கூட்டிற்கு வருவதில்லை. முதலில் துணி உலர்த்தும் கம்பியில் அமரும். பின் வேலிக்கு வரும். சுற்றுமுற்றும் பார்த்தபின்னரே புதருக்குள் நுழையும். வெளியேறும்போது வேறொரு வழியாகச் செல்லும். மழை பெய்தபோது ஒன்று கூட்டை விட்டு அகலாது சிறகை விரித்து அமர்ந்திருந்தது.

கூட்டில் எத்தனை முட்டைகள் என்ற கட்டம் மட்டும் வெறுமையாகவே இருந்தது. அறிவியல் கண்காட்சிக்கு அட்டவணையை அனுப்பவேண்டிய நாள் நெருங்கிற்று. "ஒரே ஒரு முறை ஏணி வைத்துப் பார்த்துவிடலாமா, ஐயா? படமும் எடுத்துவிடலாம்" என்று ஒரு மாணவன் கேட்டான். நான் உடனே மறுக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முந்திய கதையை அவர்களிடம் கூறிவிட்டு, முடிவை அவர்களிடமே விட்டேன். அவர்கள் தமக்குள் பேசினர். பின்னர் அந்தக் கட்டத்தில், "பார்க்கவில்லை" என்று எழுதினர். ஏணி கேட்ட மாணவனே தன் கையால் அதனை எழுதினான்.

கண்காட்சியில் அந்த அட்டவணைக்குப் பரிசு கிடைக்கவில்லை. படங்கள் நிறைந்த வேறு அட்டவணைகள் பரிசு பெற்றன. அடுத்த வாரம் ஒரு காலைப்பொழுதில், சன்னலருகே நின்ற மாணவி ஓசையின்றிக் கையசைத்து அழைத்தாள். புதரின் ஓரக் கிளையில் வால் முளைக்காத குஞ்சுகள் இரண்டு அமர்ந்திருந்தன. தாய் கம்பியில் இருந்து அழைத்தது. ஒன்று பறந்தது, சற்றுப் பொறுத்து மற்றொன்றும் பறந்தது. மாணவர்கள் குறிப்பேட்டை எடுத்து, தேதியும் நேரமும் இட்டு, "குஞ்சுகள் 2" என்று எழுதினர்.

முடிவுரை

மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அளித்த பேகனை நாம் போற்றுகிறோம். அவன் உள்ளம் அருள் நிறைந்தது. ஆனால் மயிலுக்குப் போர்வை தேவைதானா என்று அவன் ஆராயவில்லை. அதனாலேயே சான்றோர் அதனைக் கொடைமடம் என்றனர். நான் கிளையைக் கட்டியபோது என்னிடம் ஆர்வம் இருந்தது, அருள் போதவில்லை. அருளும் வேண்டும், அதனைச் சரியான வழியில் செலுத்தும் அறிவும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே கற்பதுதான் கல்வி.

அந்த மாணவி இன்று ஒரு தாயாக இருக்கக்கூடும். இவ்விதழ் எவ்வகையிலேனும் அவள் கையில் கிட்டுமாயின், அவளுக்கு நான் கூறுவது இது: ஆம் அம்மா, கிளையைக் கட்டியது நாம்தான், அதிலும் நீயல்ல, நான்தான்.

மாணவச் செல்வங்களே, நாளைக் காலை பள்ளிக்கு வரும்போது ஒரு நிமிடம் நின்று ஒரு பறவையைக் கவனியுங்கள். கண்டதை எழுதுங்கள். பின்னர் அஃது அறியாமலே அவ்விடம் விட்டு அகலுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. காண்பதற்கும் கவனிப்பதற்கும் உள்ள வேறுபாடு யாது? ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.

2. மார்ட்டென்சன் துத்தநாக வளையத்தை ஏன் கைவிட்டார்? இதனால் நீ அறியும் படிப்பினை யாது?

3. ஒரு பறவையின் எடை 40 கிராம். அதன்மேல் பொருத்தும் கருவி 3 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது எனில், கருவியின் எடை எவ்வளவு இருக்கலாம்?

4. "பார்க்கவில்லை" என்று ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் எழுதியது சரியா? உன் கருத்தை ஐந்து வாக்கியங்களில் எழுதுக.

5. உன் லயத்து வீட்டருகே வாழும் ஒரு பறவையை ஒரு வாரம் எட்ட நின்று கவனித்து, நேரம், வானிலை, செயல் ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக.